அரசாங்கக் காசில் வெளிநாட்டுப் படிப்பு - ஒரு புலம்பல்

ரொம்ப நாளைக்கப்புறம் ஒரு பதிவு. கோபத்தில் எழுதுவது, அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் வரும். பொறுமை இல்லாதவர்கள் இப்பவே எஸ்கேப் ஆகிக்கொள்ளலாம் :-)

போன மாதம் ஒரு கல்யாணம். முதல் பந்தி எப்ப எழுந்திருக்கும் என்று, சாப்பிடுகிறவர்களின் நாற்காலியைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு நிற்போமே, அந்தப் புனிதமான நேரம். பக்கத்தில் நின்ற பெரியவர் (ஓய்வு பெற்ற அதிகாரி, பழகினால் நல்ல மனிதர்தான்) இன்னொருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "இப்பல்லாம் கவர்ன்மென்டே காசு குடுத்து லண்டன் அனுப்புதாம் சார். நம்ம வரிப்பணம். போறவன் திரும்பியா வரப்போறான்? கோட்டு சூட்டு போட்டு போட்டோ எடுத்து அனுப்புவான், அவ்வளவுதான்."

இதற்கு உடனே பதில் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறப்பதற்குள் இடம் காலியாகிவிட்டது. சுயமரியாதையா சாம்பாரா என்று வந்தால் அந்த நேரத்தில் யாருக்கும் சாம்பார்தான். உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்குச் சொல்லாமல் விட்ட பதில்தான் இந்தப் பதிவு.

(டிஸ்கி: கீழே வரும் பையன் கதையில் அது எந்தத் திட்டம், எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. யாரையும் மாட்டிவிடுவது நோக்கமில்லை. பின்னூட்டத்தில் ஊகமும் வேண்டாம், ப்ளீஸ்.)

எங்க ஊரில் ஊருக்கும் காலனிக்கும் நடுவே ஒரு வாய்க்கால் உண்டு. தண்ணி வந்து வருஷமாச்சு, வாய்க்கால் மட்டும் அப்படியே இருக்கு. நான் இந்தப் பக்கம். பையன் அந்தப் பக்கம். அப்பா கிடையாது. அம்மா சத்துணவுக் கூடத்தில் சமையல் உதவியாளர். பையன் அரசு கல்லூரியில் படித்து நல்ல மார்க் வாங்கி, ரெண்டு வருஷம் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்டில் வேலை பார்த்து, பிரிட்டனில் ஒரு பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி.க்கு இடமும் வாங்கிவிட்டான். அரசு உதவித்தொகைக்கு விண்ணப்பித்து அதிலும் பெயர் வந்துவிட்டது. இது 2024இல்.

லிஸ்டில் பெயர் வந்த அன்றைக்கு அவன் அம்மா வாய்க்காலைத் தாண்டி எங்க வீட்டுக்கு வந்து ஒரு பொட்டலம் பூந்தி கொடுத்துவிட்டுப் போனார். நானும் "இனி என்னம்மா, உங்க கஷ்டம் தீந்துச்சு" என்று பெரிய மனுஷன் மாதிரி வாழ்த்தி அனுப்பினேன்.

கஷ்டம் அன்றைக்குத்தான் ஆரம்பித்தது என்பது எனக்கு அப்புறம்தான் புரிந்தது.

பையனிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு இருந்தது. அதில் செலவை எல்லாம் எழுதி வைத்திருந்தான். எனக்கு வேலையே கணக்கு எழுதுவது என்பதால் அந்த நோட்டு ரொம்பப் பிடித்துப்போனது. ஐஇஎல்டிஎஸ் பரீட்சைக்கு 17,000. கல்லூரியிலிருந்து மார்க் சான்றுகள் சீல் போட்டு வாங்க, அனுப்ப 6,000. காசநோய் பரிசோதனைக்கு 3,000 (இது இல்லாமல் பிரிட்டன் விசா தரமாட்டார்கள், சென்னையில் அவர்கள் சொல்கிற இடத்தில்தான் எடுக்கணும்). விசாவுக்கு 490 பவுண்டு, அன்றைய கணக்கில் 53,000. அதற்கு மேல் மருத்துவ சர்சார்ஜ் என்று ஒன்று. மாணவருக்கு வருஷத்துக்கு 776 பவுண்டு, விசா காலம் ஒரு வருஷத்தைத் தாண்டுவதால் ஒன்றரை வருஷத்துக்குக் கட்ட வேண்டும். அது 1,26,000. இடத்தை உறுதி செய்ய பல்கலைக்கழகத்துக்கு டெபாசிட் 1,08,000. விமான டிக்கெட் 48,000. பெட்டி, குளிர்கோட்டு, ஷூ 15,000.

கூட்டிப் பாருங்கள். 3,76,000.

அந்த வீட்டின் மாத வருமானம், பையன் வேலையை விட்ட பிறகு, 15,000த்தைத் தாண்டாது. அதாவது, சாப்பிடாமல் கொள்ளாமல் இருந்தால் 25 மாத வருமானம். பையனுக்குக் கிடைத்த உதவித்தொகை முப்பது லட்சத்துக்கும் மேல். ஆனால் முப்பது லட்சம் கிடைக்க வேண்டுமென்றால் முதலில் மூணே முக்கால் லட்சம் கையில் இருக்க வேண்டும்!

"இதெல்லாம் திட்டத்திலேயே திருப்பிக் குடுத்துடுவாங்களே" என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லலாம். நிஜம்தான். டிக்கெட், விசா செலவு எல்லாம் ரசீது கொடுத்தால் திரும்ப வரும். வந்தது. மறு வருஷம் பிப்ரவரியில். நடுவில் என்ன நடந்தது? மகளிர் குழுவில் ஒரு கடன். சீட்டை ரெண்டாவது மாசமே தள்ளி எடுத்தார்கள், ஏகப்பட்ட கழிவு. அம்மாவின் கம்மலும் ஒரு செயினும் அடகுக்கடைக்கு. மிச்சத்துக்கு, பேர் சொல்ல விரும்பாத ஒரு ஆளிடம் மூணு வட்டி. மாசத்துக்கு மூணு. ரசீதுக்குப் பணம் திருப்பித் தருகிறவர்கள் மூணு வட்டிக்கு ரசீது கேட்பதில்லை.

பெரிய காசை அரசாங்கம் கொடுத்துவிடுகிறது. சின்னக் காசுதான் இல்லை. ஏழைக்கும் நமக்கும் வித்தியாசமே அந்தச் சின்னக் காசுதானே? நாமெல்லாம் கிரெடிட் கார்டைத் தேய்த்துவிட்டு அப்புறம் ரீஇம்பர்ஸ்மென்ட் வாங்கிப் பழகியவர்கள். இந்த விதிகளை எழுதியவர்களும் அப்படிப் பழகியவர்கள்தான் என்று நினைக்கிறேன். கெட்ட எண்ணம் எதுவும் இருக்காது. கையில் ஒண்ணுமே இல்லாத ஒருத்தன் விசா ஆபீஸ் கவுன்ட்டரில் நிற்பான் என்பது அவர்கள் கற்பனைக்கு எட்டியிருக்காது, அவ்வளவுதான்.

சரி, இது இன்றைக்கு நேற்று வந்த பிரச்சினையா? கொஞ்சம் பழைய கதைக்குப் போவோம்.

1914. சென்னைத் துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து, அப்புறம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் மாதம் 75 ரூபாய் உதவித்தொகையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த ராமானுஜனை கேம்பிரிட்ஜுக்கு அனுப்ப வேண்டும் என்று பேச்சு வருகிறது. சென்னைக்குச் சொற்பொழிவாற்ற வந்திருந்த நெவில், ஜனவரி கடைசியில் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதுகிறார். பிப்ரவரி தொடக்கத்தில் துறைமுகத் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங், கவர்னர் பென்ட்லண்டின் செயலாளருக்கு எழுதுகிறார். வருஷத்துக்கு 250 பவுண்டு, ரெண்டு வருஷத்துக்கு. கப்பல் செலவும் துணிமணிச் செலவும் தனி. மார்ச் 17ஆம் தேதி ராமானுஜன் 'நெவாசா' கப்பலில் ஏறிவிட்டார்.

கடிதத்துக்கும் கப்பலுக்கும் நடுவில் ஐம்பது நாள்கூட இல்லை. ஈமெயில் இல்லை, போர்ட்டல் இல்லை, ஓடிபி இல்லை!

இன்னொன்று. அந்தப் பணத்தில் ஒரு பகுதியை ஊரிலேயே அவர் குடும்பத்துக்குக் கொடுக்கவும் ஏற்பாடு இருந்தது. சம்பாதிக்கிற பிள்ளை கப்பல் ஏறிவிட்டால் வீட்டில் அடுப்பு எரியணுமே என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். இன்றைக்கு எனக்குத் தெரிந்த எந்த விண்ணப்பத்திலும் 'வீட்டில் இருப்பவர்கள் சாப்பிட என்ன செய்வார்கள்' என்று ஒரு கட்டம் கிடையாது.

ராமானுஜனுக்கு ஆள் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். துறைமுகத் தலைவரே உங்களுக்காகக் கவர்னர் மாளிகைக்குக் கடிதம் எழுதினால் உலகத்தில் எந்த ஃபைல்தான் நகராது? எங்க ஊர்ப் பையனுக்குக் கடிதம் எழுத நான்தான் இருந்தேன். என் கடிதத்தைப் படிக்க எந்தக் கவர்னரும் இல்லை.

அதற்கு முந்தின வருஷம், 1913. பரோடா மன்னர் மூன்றாம் சாயாஜிராவ் கெய்க்வாட் கொடுத்த உதவித்தொகையில் அம்பேத்கர் நியூயார்க் போகிறார், கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு. மாதம் பதினொன்றரை பவுண்டு, மூன்று வருஷம். பதிலுக்குத் திரும்பி வந்து பத்து வருஷம் பரோடா அரசில் வேலை செய்ய வேண்டும் என்று ஒப்பந்தம். அரசு செலவில் அயல்நாட்டுப் படிப்பு, பாண்டு, திரும்பி வந்து சேவை என்று கல்யாண வீட்டுப் பெரியவர் கேட்கிற எல்லாமே அதில் இருந்தது.

என்ன ஆச்சு? 1915இல் எம்.ஏ. 1916இல் லண்டனுக்குப் போய் அங்கேயும் ஆராய்ச்சியில் சேர்கிறார். 1917இல் உதவித்தொகைக் காலம் முடிந்துவிட்டது. லண்டன் ஆராய்ச்சி பாதியில் நிற்க, ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. முதல் உலகப்போர் நேரம். தனியாகக் கப்பலில் அனுப்பிய அவருடைய பெட்டிகளும் புத்தகங்களும் கடலில் போய்விட்டன. ஒப்பந்தப்படி பரோடாவுக்குப் போய் வேலையில் சேர வேண்டும். போக ரயில் செலவுக்குக் கையில் காசில்லை. முழுகிப்போன பெட்டிகளுக்கு வந்த நஷ்டஈட்டுப் பணத்தில்தான் பரோடா போனார் என்று அவருடைய வாழ்க்கை வரலாற்றில் வருகிறது.

கொலம்பியா போகக் காசு கொடுத்த சமஸ்தானம் அது. அதே சமஸ்தானத்துக்கு வேலைக்கு வர ரயில் டிக்கெட்டுக்குக் காசில்லை. மறுபடியும் அதே சின்னக் காசு!

போன இடத்தில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். தங்க வீடு கிடைக்காமல், பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயர் கொடுத்துத் தங்கி, பதினோராம் நாள் தடியோடு வந்தவர்கள் வெளியேற்ற, ஒரு பொதுப் பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு இரவு ரயிலில் பம்பாய் திரும்பினார். அவரே இதை எழுதியிருக்கிறார். அந்தக் குறிப்புகளுக்குப் பெயர் 'விசாவுக்காகக் காத்திருத்தல்'. பெயரைப் பாருங்கள். பாதியில் விட்ட லண்டன் படிப்பை முடிக்க 1920இல் அவர் மறுபடி கப்பல் ஏறியது சொந்தச் சேமிப்பு, கோலாப்பூர் சாகு மகராஜ் கொடுத்த உதவி, ஒரு நண்பரிடம் வாங்கிய கடன் இதையெல்லாம் சேர்த்துத்தான்.

அப்ப 'திரும்பி வருவானா' என்று கேட்கிறவர்களுக்கு என் முதல் கேள்வி. ஒருத்தர் திரும்பி வந்தாரே, அவருக்கு வீடு கொடுத்தீர்களா?

இப்போதைய நிலவரத்துக்கு வருவோம். மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை 1954-55 முதல் இருக்கிறது. பட்டியல் சாதியினர், சீர்மரபினர் மற்றும் நாடோடிப் பழங்குடியினர், நிலமற்ற விவசாயக் கூலிகள், பாரம்பரியக் கைவினைஞர்கள் குடும்பத்துப் பிள்ளைகளுக்கானது. குடும்ப வருமானம் வருஷத்துக்கு 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், வயது 35க்குள். மொத்த இந்தியாவுக்கும் வருஷத்துக்கு 125 இடம். ஒரு என்ஜினீயரிங் காலேஜில் ரெண்டு செக்‌ஷன்.

தலைக்கு வருஷம் 40 லட்சம் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் 125 பேருக்கு 50 கோடி. ஊரில் ஒரு சுமாரான மேம்பாலத்துக்கு ஆகிற காசு. இதைத்தான் 'நம்ம வரிப்பணம்' என்று பந்தி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு கவலைப்படுகிறோம்.

அந்த 125ஐயாவது ஒழுங்காகக் கொடுக்கிறோமா என்றால், 2025 ஜூலையில் வந்த செய்தி ஞாபகமிருக்கிறதா? அந்தச் சுற்றில் தேர்வானவர்கள் 106 பேர். அதில் 40 பேருக்கு மட்டும் தற்காலிக அனுமதிக் கடிதம். மீதி 66 பேருக்கு, நிதி இருப்பைப் பொறுத்துத் தரப்படும் என்று சொல்லிவிட்டார்கள். ஜூலையில்! ஆகஸ்டு, செப்டம்பரில் வகுப்பு ஆரம்பிக்கிற பிள்ளைகளிடம். அந்த 66 பேரின் வீட்டிலும் ஒரு நாற்பது பக்க நோட்டு இருந்திருக்கும். அதில் பாதி வரிகளுக்கு ஏற்கெனவே பணம் கட்டியிருப்பார்கள்.

தொகையையும் பார்க்கணும். 2024-25 விதிகளின்படி பிரிட்டனுக்குப் போகிறவருக்கு வாழ்க்கைச் செலவுக்கு வருஷம் 9,900 பவுண்டு. மாதத்துக்கு 825. லண்டனில் படிக்க வருகிற மாணவரிடம் மாதத்துக்கு 1,483 பவுண்டாவது இருக்கணும் என்று 2025 ஜனவரியில் பிரிட்டன் அரசாங்கமே விசா விதியில் போட்டது. கிட்டத்தட்ட பாதிதான் நம்ம கணக்கு. இந்த வித்தியாசத்தைப் பையன்கள் எப்படி நிரப்புவார்கள் என்று நினைக்கிறீர்கள்? சூப்பர்மார்க்கெட்டில் ராத்திரி ஷிப்ட். வாரத்துக்கு 20 மணி நேரம் வேலை பார்க்க விசா அனுமதி உண்டு. படிக்கத்தானே அனுப்பினோம், பெட்டி அடுக்கவா என்று யாரும் கேட்பதில்லை.

தெலங்கானாவில் அம்பேத்கர் பெயரிலேயே ஒரு திட்டம் இருக்கிறது. 20 லட்சம். நல்ல தொகை. அதைக் கொடுக்கிற முறைதான் என்னை யோசிக்க வைத்தது. முதல் பாதி, அந்த நாட்டில் போய் இறங்கிய சான்றைக் காட்டினால். அமெரிக்கா என்றால் ஐ-94 குடியேற்றக் குறிப்பு. ரெண்டாவது பாதி, முதல் செமஸ்டர் ரிசல்ட் காட்டினால். ஏமாற்றுகிறவர்களைத் தடுக்க வைத்த விதிதான், புரிகிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள் மக்களே. அமெரிக்காவில் போய் இறங்குவதற்குத்தான் ஒருவனுக்குக் காசு வேண்டும். இறங்கிவிட்டு வா, காசு தருகிறேன் என்றால், ஏற்கெனவே காசு உள்ளவன்தானே இறங்குவான்? நீச்சல் கற்றுக்கொண்ட பிறகு குளத்தில் இறங்கு என்கிற கதைதான் இது.

நம்ம தமிழ்நாட்டிலும் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கு அண்ணல் அம்பேத்கர் பெயரில் அயல்நாட்டு உயர்கல்வித் திட்டம் இருக்கிறது. வருஷத்துக்கு 36 லட்சம் வரை. இந்தத் தொகையைப் பார்த்து நான் நிஜமாகவே சந்தோஷப்பட்டேன். குறை சொல்லியே பழகிப்போன வாயால் பாராட்டையும் சொல்லிவிடுகிறேன். சிறுபான்மை மாணவர்களின் வெளிநாட்டுக் கல்விக் கடனுக்கு வட்டி மானியம் தந்த மத்திய அரசின் 'படோ பர்தேஷ்' திட்டம் 2022-23இல் நின்றுபோனது. அதை நிறுத்தியபோது பெரிய சத்தம் எதுவும் வந்ததாக ஞாபகமில்லை.

2022 பிப்ரவரியில் இன்னொரு கூத்து. தேசிய உதவித்தொகையின் விதியில் ஒரு வரி சேர்த்தார்கள். இந்தியக் கலாச்சாரம், பாரம்பரியம், வரலாறு, இந்தியா பற்றிய சமூக ஆய்வு, இதெல்லாம் படிக்கப் பணம் கிடையாது. அதை உள்ளூரிலேயே படிக்கலாமாம். 1916 மே மாதம் கொலம்பியாவில் அம்பேத்கர் படித்த கட்டுரையின் தலைப்பு இந்தியாவில் சாதிகள் பற்றியது. அவருடைய எம்.ஏ. ஆய்வு பண்டைய இந்திய வணிகம். அவர் பெயரைச் சொல்லி விழா எடுக்கிற நாட்டில், அவரே இன்றைக்கு விண்ணப்பித்தால் தலைப்பைப் பார்த்துவிட்டு நிராகரித்துவிடுவார்கள். வெளியே போய்ப் படித்தால்தான் சில விஷயங்களை வெளியே சொல்ல முடியும் என்பதற்கு அவரை விடப் பெரிய சாட்சி யார்? இதைப் பற்றித் தனிப் பதிவே போடலாம். இப்போதைக்கு விடுகிறேன், ரத்த அழுத்தம் ஏறுகிறது.

சரி, கல்யாண வீட்டுப் பெரியவர். அவருடைய சொந்தப் பையனும் அமெரிக்காவில்தான் இருக்கிறான். கல்விக் கடனில் போனவன். அந்தக் கடனுக்குப் பெரியவர் வீட்டைக் காட்டினார். ஏழரை லட்சத்துக்கு மேல் கடன் என்றால் பெரும்பாலும் சொத்து ஜாமீன் கேட்பார்கள், காட்ட அவரிடம் சொத்து இருந்தது. கட்டிய வட்டிக்கு 80ஈ பிரிவில் வருமான வரி விலக்கு. எட்டு வருஷம் வரை, வட்டி முழுவதற்கும், உச்சவரம்பு கிடையாது (பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு). அந்த விலக்கும் நம்ம வரிப்பணம்தானே சார்? அரசாங்கம் வாங்காமல் விட்ட காசுக்குப் பெயர் சலுகை. கையில் கொடுத்த காசுக்குப் பெயர் ஓசி. அவர் பையன் அங்கேயே வீடு வாங்கிவிட்டான். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரலில் வரிப்பணக் கவலை துளியும் இல்லை. பெருமைதான் இருந்தது.

அவர் பையன் போனது தப்பு என்று சொல்லவில்லை. நல்லா இருக்கட்டும். 2024இல் வெளிநாட்டு இந்தியர்கள் வீட்டுக்கு அனுப்பிய பணம் 129 பில்லியன் டாலர் என்று உலக வங்கி மதிப்பிட்டது, உலகத்திலேயே அதிகம். அதில் அவன் பங்கும் இருக்கும். எங்க ஊர்ப் பையன் அங்கே இருந்தால் அதிலும் அவன் பங்கு இருக்கும். ரெண்டு பேருக்கும் ஒரே தராசைத்தான் கேட்கிறேன்.

'ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கே கூரை சரியில்லை, இதில் லண்டன் வேறயா' என்று ஒரு நண்பர் நியாயமாகவே கேட்டார். இந்த வாதத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த 50 கோடியை நிறுத்தினால் அது கூரைக்குப் போகும் என்று நம்பும் அளவுக்கு நான் சின்னப் பிள்ளை இல்லை. இன்னொன்று, எங்க ஊரில் காலனிப் பள்ளிக்கூடத்துக் கூரைக்காக வட்டார அலுவலகத்தில் போய்ச் சத்தம் போட்டதே இந்தப் பையன்தான். அவன் லண்டன் போனதில் கூரை ஒன்றும் ஒழுகவில்லை.

கடைசியாக ஜாமீன் விஷயம். இதைச் சொல்லாமல் போனால் நான் யோக்கியன் மாதிரி ஆகிவிடும்.

ஒருநாள் பையன் ஒரு ஃபாரத்தோடு வந்தான். "சார், இதுல சூரிட்டி ரெண்டு பேர்னு போட்டிருக்கு. சொத்து உள்ளவங்க கையெழுத்து போடணுமாம். தாசில்தார்கிட்ட சால்வன்சி சர்டிபிகேட் வாங்கணுமாம். எங்க பக்கத்துல யார்கிட்டயும் பட்டா இல்ல சார்."

அவன் வேறொன்றும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. எனக்கு ஒரு வீடு இருக்கிறது, நாலு சென்ட் மனை இருக்கிறது, அது அவனுக்குத் தெரியும்.

"யோசிச்சு சொல்றேன்பா" என்றேன்.

வீட்டில் சொன்னபோது மனைவி, "நல்ல பையன்தாங்க. ஆனா பாதில படிப்ப விட்டுட்டு வந்துட்டான்னா நோட்டீஸ் நம்ம வீட்டுக்கு வரும். நமக்கும் பொண்ணு இருக்கு" என்றாள். அவளைக் குறை சொல்ல முடியாது. அவள் சொல்லட்டும் என்றுதான் நானே எதிர்பார்த்தேன் என்பது அதைவிடக் கேவலம். பன்னிரண்டு நாள் யோசித்தேன். அந்தப் பன்னிரண்டு நாளும் பையன் வாய்க்கால் பாலத்தில் எதிரே வந்தால் வணக்கம் சொன்னானே ஒழிய, ஒருதடவைகூட ஞாபகப்படுத்தவில்லை. அவன் ஞாபகப்படுத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் கோபமாவது வந்திருக்கும், சௌகரியமாக இருந்திருக்கும்.

இதற்கிடையில் அவனுக்குப் பத்தாவதில் பாடம் எடுத்த டீச்சர், ஓய்வு பெற்றவர், கேட்ட அன்றைக்கே முதல் கையெழுத்தைப் போட்டுவிட்டார். அவர் ஃபாரத்தைப் படித்தாரா என்பதே சந்தேகம். அதைக் கேள்விப்பட்ட பிறகுதான் நான் போட்டேன். கடைசித் தேதிக்கு மூன்று நாள் முன்னால்.

அரசாங்கப் பணத்துக்குப் பொறுப்பு வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. படிக்கிறவனிடம் பத்திரம் எழுதி வாங்குங்கள், சான்றிதழை வைத்துக்கொள்ளுங்கள், மார்க் கேளுங்கள். ஆனால் சொத்து இல்லாதவனுக்கென்றே ஒரு திட்டம் போட்டுவிட்டு, சொத்துள்ள ரெண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வா என்றால் என்ன அர்த்தம்? தலைமுறை தலைமுறையாக எந்த வாசலில் நின்றானோ அதே வாசலில் மறுபடி போய் நில் என்றுதானே அர்த்தம்? என் வாசல். தேர்வு செய்தது அரசாங்கம். ஜாமீனையும் அரசாங்கமே ஏற்றுக்கொள்ளட்டும். பெயர் வந்த மறு வாரமே ஒரு ஐந்து லட்சத்தை முன்பணமாகப் பையன் கணக்கில் போடட்டும், பின்னால் வரும் தொகையில் கழித்துக்கொள்ளட்டும். லிஸ்ட்டை ஜூலையில் விடாமல் மார்ச்சில் விடட்டும். மூன்றுக்கும் புதிதாக ஒரு ரூபாய்கூட ஒதுக்க வேண்டியதில்லை, இருக்கிற ரூபாயை முன்னால் கொடுத்தால் போதும். 1914இல் முடிந்தது.

பையன் படிப்பை முடித்துவிட்டான். எனக்கு நோட்டீஸ் எதுவும் வரவில்லை. மூணு வட்டிக்காரன் கணக்கை முடித்தாச்சு. அம்மாவின் கம்மல் திரும்பி வந்துவிட்டது, செயின் ஏலத்தில் போய்விட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டான். "சார், நம்ம காலனிலருந்து ஒரு பொண்ணு, என் ஜூனியர், இந்த வருஷம் செலக்ட் ஆயிருக்கு. சூரிட்டிக்கு நானே போடறேன்னேன். எனக்கு சொத்து இல்லையாம், செல்லாதுங்கறாங்க."

"டீச்சர்?"

"டீச்சர் ஒண்ணு போட்டுட்டாங்க சார்."

திங்கட்கிழமை அரை நாள் லீவு சொல்லியிருக்கிறேன். பழைய சால்வன்சி சர்டிபிகேட் காலாவதி ஆகிவிட்டதாம், தாலுக்கா ஆபீஸில் புதுசாக வாங்கணும். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.